வேர்ட் ராப் போட்டதிலிருந்து நோட்பேட் பிளஸ் பிளஸ் ஹேங் ஆகிறது. சேமிக்காத டேப்களை இழக்காமல் மீட்க முடியுமா?

கேள்வி: அட்டவணைக்காரர்

வணக்கம். விண்டோஸ் 11 கணினியில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டரைப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை அதன் மென்பொருளிலிருந்து ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பியிருந்தார்கள். கோப்பின் அளவு ஏறத்தாழ 38 எம்பி. திறந்து பார்த்தால் இடப்பக்க ஓரத்தில் 1 என்ற வரி எண் மட்டுமே தெரிந்தது. அத்தனை புத்தகங்களும் ஒரே வரியில் வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. கிடைமட்ட ஸ்க்ரோல் பட்டையை இழுத்து இழுத்துப் படிப்பது ஆகாத காரியம் என்பதால், நீண்ட வரியைச் சாளரத்தின் அகலத்துக்கு மடித்துக் காட்டும், வியூ மெனுவில் உள்ள வேர்ட் ராப் என்ற தேர்வை இட்டேன். உடனே சாளரம் வெளிறி, தலைப்பில் நாட் ரெஸ்பாண்டிங் என்று வந்து நின்றுவிட்டது.

வெகுநேரம் அப்படியே விட்டுவைத்தபின் ஒருவழியாக உயிர் வந்தது. ஆனால் ஒரு பக்கம் கீழே நகர்த்தினாலும் மறுபடி நின்றது. அதனால் மேலும் எதையும் செய்யாமல், மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி முறையாகவே மூடினேன். இப்போது சிக்கல் என்னவென்றால், மென்பொருளைத் திறந்தாலே அதே கோப்பு, அதே வேர்ட் ராப் நிலையில் தானாகத் திறக்க முயன்று, மெனுவைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்து மூடித் திறந்தாலும், கணினியையே மறுதொடக்கம் செய்தாலும் மாற்றமில்லை. புதிய பதிப்பைப் பழையதன் மேலேயே நிறுவியும் பார்த்தேன், பயனில்லை. நின்றிருக்கும் நேரம் முழுவதும் டாஸ்க் மேனேஜரில் இதன் சிபியு பயன்பாடு 12 அல்லது 13 விழுக்காட்டிலேயே நிற்கிறது. அதற்கு மேலும் போவதில்லை, கீழும் இறங்குவதில்லை.

மென்பொருள்கள் தம் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் ஆப்டேட்டாவில் இருக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ் கோப்புறையை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த 38 எம்பி கோப்பு எனக்குப் பெரிதில்லை, மறுபடி கேட்டால் அனுப்புவார்கள். ஆனால் நியூ 1, நியூ 2 என்று பெயர் வைக்காமலேயே விட்டிருந்த பல டேப்களில் மெய்ப்புத் திருத்தக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் இதிலிருந்து மீள வழி உண்டா? வேர்ட் ராப் போன்ற வெறும் காட்சித் தேர்வு ஒன்று மென்பொருளையே முடக்கிப் போடுவது ஏன் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


மறுமொழி 1: கணிமேசை

அந்தக் கோப்புறையை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம். உங்கள் குறிப்புகள் இப்போது இருப்பது அதற்குள்தான். நீங்கள் பெயர் வைத்துச் சேமிக்காத டேப்களை, அமைப்பில் நீங்களாக மாற்றியிருந்தால் ஒழிய, நோட்பேட் பிளஸ் பிளஸ் 7 விநாடிக்கு ஒருமுறை அந்தக் கோப்புறையின் உள்ளே இருக்கும் பேக்கப் என்ற துணைக் கோப்புறையில் எழுதி வைக்கிறது. அழித்தால் ஹேங் ஆவதும் போகும், குறிப்புகளும் போகும்.

முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரில் மென்பொருளை மூடிவிட்டு, அது முழுவதும் போய்விட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி வரும் ரன் பெட்டியில், இரண்டு சதவிகிதக் குறிகளுக்கு நடுவில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் எழுதி எண்டர் கொடுத்தால் கோப்புறைகளின் வரிசை ஒன்று திறக்கும். அதில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற கோப்புறையை அப்படியே நகலெடுத்து டெஸ்க்டாப்பில் ஒட்டிவிடுங்கள். இனி என்ன தவறு நடந்தாலும் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கிறது. நகலில் உள்ள பேக்கப் கோப்புறையைத் திறந்தால், நியூ 1 என்று தொடங்கி, நடுவில் அட் குறியும் அதன்பின் தேதியும் நேரமும் கொண்ட பெயர்களில் கோப்புகள் இருக்கும். விண்டோஸோடு வரும் சாதாரண நோட்பேடில் அவற்றில் ஒன்றைத் திறந்து பாருங்கள். உங்கள் எழுத்து அதில் இருந்தால் கவலையை விட்டுவிடலாம்.

அடுத்து, அந்த ஜேசன் கோப்பு டவுன்லோட்ஸிலோ வேறெங்கோ இருக்கும் அல்லவா, அதன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிடுங்கள், அல்லது கோப்பையே வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். அடுத்த முறை நோட்பேட் பிளஸ் பிளஸ் தொடங்கும்போது பழைய இடத்தில் அந்தக் கோப்பு இல்லாததால், அந்த ஒரு டேப்பை விட்டுவிட்டு மற்றவற்றைத் திறந்துகொள்ளும். காணாமல் போன கோப்பைப் பற்றி ஏதேனும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மென்பொருளுக்குள் ஒரு அமைப்பையும் தொடாமலேயே வேலை முடிந்துவிடுவதால், இதையே நான் முதலில் சொல்வேன். நீங்கள் அந்தக் கோப்பில் எதையும் திருத்தவில்லை என்று எழுதியிருப்பதைப் போலத் தெரிகிறது. திருத்தியிருந்தால் அதற்கும் பேக்கப்பில் ஒரு நகல் இருக்கும், பெயரை மாற்றினாலும் அந்த நகலைத் திறக்கப் பார்க்கும் என்பதால் இந்த வழி உதவாது.

அப்படி ஒருவேளை உதவவில்லை என்றால், ரன் பெட்டியில் மென்பொருளின் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இடைக்கோடு ஒன்று போட்டு, அதையடுத்து நோசெஷன் என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதித் திறக்கலாம். முந்தைய டேப்கள் எதுவும் இல்லாமல் வெறுமையாகத் திறக்கும். அதைப் பார்த்துக் குறிப்புகள் போய்விட்டன என்று எண்ணிவிட வேண்டாம். அவை ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டில் எந்த வழியாக உள்ளே வந்தாலும், வியூ மெனுவில் வேர்ட் ராப்பை எடுத்துவிட்டு, பெருக்கல் குறியை அழுத்தி முறையாக மூடுங்கள். இந்தக் கடைசிப் படி முக்கியம். வேர்ட் ராப் போன்ற தேர்வுகள் கான்ஃபிக் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கின்றன; மென்பொருள் முறையாக மூடப்படும்போதுதான் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. நீங்கள் முதல் நாள் முறையாக மூடியதால் வேர்ட் ராப் இருக்கிறது என்ற நிலை அதில் பதிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் எண்ட் டாஸ்க் கொடுத்ததால் அந்தப் பதிவு மாறவே இல்லை. மேலேயே மறுநிறுவல் செய்தும் பயனில்லாமல் போனதற்கும் இதுவே காரணம்: நிறுவும் நிரல், நிரலின் கோப்புகளைத்தான் மாற்றுகிறது, ஆப்டேட்டாவில் உள்ள உங்கள் அமைப்புகளை அல்ல.

கான்ஃபிக் கோப்பை நேராகத் திறந்து திருத்தவும் முடியும். முதன்மைக் காட்சிக்கான சின்டில்லா பிரைமரி வியூ என்ற பகுதியில் ராப் என்ற பண்புக்கு எதிரே எஸ் என்று இருப்பதை நோ என்று மாற்ற வேண்டும். ஆனால் அதைச் சாதாரண நோட்பேடில், நோட்பேட் பிளஸ் பிளஸ் ஓடாத நேரத்தில் செய்ய வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால், மூடும் வேளையில் அது தன் நினைவில் உள்ளதை எழுதி உங்கள் திருத்தத்தை அழித்துவிடும்.


மறுமொழி 2: வரியளவு

மீட்கும் வழியை மேலே உள்ள நண்பர் முழுமையாகவே சொல்லிவிட்டார். ஏன் இப்படி ஆகிறது என்ற இரண்டாம் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த 12, 13 விழுக்காடு என்ற எண் நல்ல தடயம். உங்கள் செயலி எட்டு இழைகளை (த்ரெட்), அதாவது எட்டு வேலைத்தொடர்களை, ஒரே நேரத்தில் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நூறை எட்டால் வகுத்தால் 12.5. அதாவது ஒரே ஓர் இழை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன. மென்பொருள் எதற்காகவோ காத்துக்கொண்டு முடங்கியிருந்தால் இந்த எண் சுழியத்துக்கு அருகில் இருந்திருக்கும். எனவே அது செத்துப்போகவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மெனுவைத் திறப்பதும், மவுஸ் சொடுக்கைக் கேட்பதும் அதே இழையின் வேலை என்பதால், கணக்கு முடியும்வரை நம் பக்கம் திரும்ப அதற்கு நேரமில்லை. விண்டோஸ் இதைத்தான் நாட் ரெஸ்பாண்டிங் என்று அறிவிக்கிறது. நீங்கள் வெகுநேரம் காத்திருந்தபோது உயிர் வந்ததும் இதனால்தான்.

என்ன கணக்கு என்பதைப் பார்ப்போம். டான் ஹோ 2003ஆம் ஆண்டு வெளியிட்ட நோட்பேட் பிளஸ் பிளஸ், எழுத்தைத் திரையில் காட்டும் வேலையைத் தானே செய்வதில்லை. நீல் ஹாட்ஜ்சன் 1999ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் சின்டில்லா என்ற கூறிடம் ஒப்படைத்திருக்கிறது. சின்டில்லா ஒரு வரியைக் காட்ட வேண்டுமானால், அந்த வரியில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் இடப்பக்க ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தொலைவில் விழுகிறது என்பதை அளந்து வைத்துக்கொள்கிறது. கர்சரை எங்கே காட்டுவது, சொடுக்கிய இடம் எந்த எழுத்து என்பதெல்லாம் இந்த அளவுகளை வைத்துத்தான் தெரியும். ஒரு வரி என்பது பொதுவாக நூறு இருநூறு எழுத்து என்று எண்ணி அமைத்த ஏற்பாடு இது. திரையில் தெரியும் ஐம்பது அறுபது வரிகளை மட்டும் அளந்தால் போதும், கோப்பில் பத்து லட்சம் வரி இருந்தாலும் கவலையில்லை.

உங்கள் கோப்பில் இருப்பதோ ஒரே வரி. திரையில் தெரிகிற வரியை மட்டும் அள என்றால் கோப்பு முழுவதையும் அள என்றுதான் பொருள். வேர்ட் ராப் இல்லாதபோதே இத்தகைய கோப்பைத் திறக்க நேரம் பிடிப்பது இதனால்தான். சின்டில்லா பைட் கணக்கில் நடப்பது, ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் இட எண்ணை வைத்துக்கொள்வது. ஆகவே 38 எம்பி வரி ஒன்றுக்கு அதைப்போலப் பல மடங்கு நினைவகமும் செலவாகும். ஜேசன் என்று அடையாளம் கண்டு நிறம் போடும்போது, மேற்கோள் குறிக்கு ஒரு நிறம், எண்ணுக்கு ஒரு நிறம் என்று வரி லட்சக்கணக்கான துண்டுகளாகிறது. துண்டுதோறும் தனித்தனியாக அளக்க வேண்டியிருக்கிறது. புத்தகத் தலைப்புகள் தமிழில் இருந்தால் வேலை இன்னும் கூடும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். அதோடு கொ, கோ போன்றவற்றில் உயிர்க்குறியின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் விழுவதால், குறியீடுகளை ஒவ்வொன்றாக அளந்து கூட்டிவிட முடியாது. சேர்த்து உருவமைத்தபின்தான் அகலம் தெரியும்.

இதன் மேல்தான் வேர்ட் ராப் வருகிறது. மடிக்காத வரி எவ்வளவு நீளமானாலும் திரையில் ஒரே வரிதான். மடித்தால், எந்தெந்த இடத்தில் உடைப்பது, மொத்தம் எத்தனை திரைவரி ஆகும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் செங்குத்து ஸ்க்ரோல் பட்டையின் நீளத்தைக்கூட முடிவு செய்ய முடியாது. பல வரிகள் உள்ள கோப்பு என்றால் சின்டில்லா இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது: தெரிகிற பகுதியை முதலில் மடித்துக் காட்டிவிட்டு, மற்ற வரிகளைச் சும்மா இருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பங்கீடு வரிகளுக்கு இடையில்தான் நடக்கும். ஒரு வரியைப் பாதி மடித்து வைத்துவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று விட அதனால் முடியாது. போதாக்குறைக்கு, சாளரத்தின் அகலத்தை ஒரு நூல் மாற்றினாலும், கன்ட்ரோல் விசையோடு மவுஸ் சக்கரத்தைச் சுழற்றி எழுத்தைப் பெரிதாக்கினாலும், பக்கவாட்டில் ஒரு பேனலைத் திறந்தாலும், உடைக்கும் இடங்கள் எல்லாமே மாறிவிடும். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதைப் பிழை என்று சொல்வதற்கில்லை. சின்டில்லாவையே பயன்படுத்தும் ஜீனி என்ற எடிட்டரில், வரி மடிப்புத் தேர்வின் மேல் மவுஸை வைத்தாலே பெரிய கோப்புகளில் இதன் செலவு அதிகம் என்ற எச்சரிக்கை வரும். நோட்பேட் பிளஸ் பிளஸில் எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. அதில் வேர்ட் ராப் என்பது கோப்புக்குக் கோப்பு வேறுபடும் தேர்வன்று. ஒரு டேப்பில் இட்டால் எல்லா டேப்களுக்கும் பொருந்தும். செலவோ ஒவ்வொரு கோப்பிலும் உள்ள மிக நீண்ட வரியைப் பொறுத்தது. நான்கு பத்திக் குறிப்பைப் படிக்க வசதியாக ஒருவர் இட்டு வைத்த தேர்வு, பக்கத்து டேப்பில் இருக்கும் ஒற்றை வரிக் கோப்பின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று மென்பொருள் எங்கும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு தடுப்பு இருக்கத்தான் செய்கிறது. செட்டிங்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால், பெரிய கோப்புகளுக்கான கட்டுப்பாடு என்ற பகுதி தெரியும். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கோப்பைத் திறந்தால் நிறம் போடுவதையும் வேர்ட் ராப்பையும் தானாக நிறுத்திவிடும். ஆனால் அந்த அளவு இயல்பாக 200 எம்பி என்று வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் 38 எம்பி கோப்பு அதன் கண்ணில் பெரிய கோப்பே அன்று. எண்ணை 10 என்று குறைத்து, வேர்ட் ராப்பை நிறுத்தும் தேர்வுக்கு எதிரே டிக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் இது பாதித் தீர்வுதான் என்பேன், ஏனெனில் அது பார்ப்பது கோப்பின் அளவை, வரியின் நீளத்தை அன்று. பத்து லட்சம் வரிகளாகப் பிரிந்திருக்கும் 60 எம்பி லாக் கோப்பு ஒன்றும் செய்யாது. ஒரே வரியில் உள்ள 8 எம்பி கோப்பு படுத்தி எடுக்கும்.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: அட்டவணைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆப்டேட்டா கோப்புறையை நகலெடுத்து வைத்துவிட்டு, ஜேசன் கோப்பின் பெயரை மட்டும் மாற்றித் திறந்தேன். கோப்பு இல்லை என்று ஒரு கேள்வி வந்தது, வேண்டாம் என்றேன். மற்ற டேப்கள் அத்தனையும் குறிப்புகளோடு திறந்துகொண்டன. எல்லாவற்றையும் இப்போது பெயர் வைத்துச் சேமித்துவிட்டேன். வேர்ட் ராப்பை எடுத்து, முறையாக மூடி, மறுபடி திறந்தும் பார்த்துவிட்டேன், உடனே திறக்கிறது. செயலி எட்டு இழைதான் என்பதையும் டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொண்டேன்.

இனி இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. மெய்ப்புக் குறிப்புகளைப் படிக்க எனக்கு வேர்ட் ராப் இல்லாமல் முடியாது. ஒவ்வொரு பத்தியும் ஒரே வரியாகத்தான் வருகிறது. அதை எப்போதும் போட்டு வைத்துக்கொண்டு, இதுபோன்ற கோப்புகளுக்கு மட்டும் விலக்கு அளிக்க வழி உண்டா? அடுத்தது, அந்த ஜேசன் கோப்பை எப்படியும் நான் படித்தாக வேண்டும். பெயர் மாற்றிய கோப்பை வேர்ட் ராப் இல்லாமல் திறந்து பார்த்தேன்; திறக்கிறது, ஆனால் கர்சரை நகர்த்தினால்கூட ஒவ்வொரு முறையும் தயங்கித்தான் நகர்கிறது. வேறு எடிட்டருக்குப் போவதுதான் வழியா?


மறுமொழி 3: தரவுத்தச்சர்

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். எடிட்டரை மாற்றுவதைவிடக் கோப்பை மாற்றுவது எளிது. இத்தகைய ஏற்றுமதிக் கோப்புகள் ஒரே வரியாக வருவதற்குக் காரணம், இன்னொரு நிரல் படிப்பதற்காக அவை எழுதப்படுகின்றன என்பதுதான். நிரலுக்கு வரி உடைப்பும் இடைவெளியும் தேவையில்லை. பொருள் மாறாமல் அவற்றைப் பல வரிகளாக விரித்து எழுதிக்கொள்ள ஜேசன் இலக்கணம் இடம் தருகிறது. அப்படி விரித்துவிட்டால் ஒரு புத்தகத்தின் தலைப்பு ஒரு வரி, ஆசிரியர் ஒரு வரி என்று ஆகிவிடும். மேலே வரியளவு அவர்கள் விளக்கிய அளவைக் கணக்கு திரையில் தெரிகிற சில வரிகளோடு முடிந்துவிடும். கோப்பின் அளவு 38 எம்பியிலிருந்து கூடத்தான் கூடும், ஆனால் எடிட்டர் பறக்கும்.

இதை நோட்பேட் பிளஸ் பிளஸுக்குள்ளேயே செய்யும் பிளகின்கள் உண்டு என்றாலும், இந்த அளவுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் விரிப்பதற்கு முன் அந்த ஒற்றை வரியை எடிட்டர் திறந்தாக வேண்டும். வெளியிலேயே விரித்துவிடுங்கள். ஜேக்யூ என்ற கட்டளைவரிக் கருவி இதற்கென்றே பெயர் பெற்றது. கருவியின் பெயர், ஒரு முற்றுப்புள்ளி, கோப்பின் பெயர் என்று கொடுத்தால் அழகாக விரித்துத் தரும், தமிழ் எழுத்தையும் அப்படியே விட்டுவைக்கும். பைத்தான் ஏற்கெனவே கணினியில் இருந்தால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதனுடன் வரும் ஜேசன் டூல் என்ற தொகுதிக்கு உள்ளீட்டுக் கோப்பின் பெயரையும் வெளியீட்டுக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும்.

பைத்தான் வழியில் தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் அந்தத் தொகுதி ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் குறியீட்டு எண்ணாக மாற்றி எழுதிவிடும். க என்ற ஒரே எழுத்து, பின்சாய்வுக் கோடு, யூ, அதன்பின் 0பி95 என்று ஆறு எழுத்தாக வந்து நிற்கும். தலைப்பு எதையும் கண்ணால் படிக்க முடியாது, கோப்பும் வீங்கிவிடும். இதைத் தடுக்க, இரண்டு இடைக்கோடுகளோடு நோ, என்ஷ்யூர், ஆஸ்கி என்ற மூன்று சொற்களையும் இடைக்கோட்டால் கோத்து ஒரே தேர்வாகக் கொடுக்க வேண்டும். இது பைத்தான் 3.9 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. பழைய பதிப்பென்றால் தேர்வைப் புரிந்துகொள்ளாமல் பிழை சொல்லும். நல்லவேளையாக, உங்களுக்கு வந்த கோப்பே அந்தக் குறியீட்டு எண் வடிவில் இருந்தால், இதே தேர்வு அதைப் படிக்கக்கூடிய தமிழாக்கியும் தந்துவிடும்.

ஜேக்யூ தரும் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி விடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 என்ற கட்டளைச் சாளரம், அம்புக்குறி போட்டுத் திருப்பும் எதையும் யூடிஎஃப் 16 முறையில் எழுதும். அதற்கு முன் நிரலின் வெளியீட்டைத் தனக்குத் தெரிந்த வேறொரு குறியாக்கமாக எடுத்துக்கொண்டு தமிழைச் சிதைத்துவிடவும் கூடும். பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் செய்தால் பைட்டுகள் வந்தபடியே கோப்புக்குப் போகும்.

வேறு எடிட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடு 20 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு என்றால் நிறம் போடுவதையும் மடிப்பதையும் தானே நிறுத்திவிட்டு அதை ஓர் அறிவிப்பாகவும் காட்டும். அதோடு ஒரு வரியில் முதல் 10,000 எழுத்துகளுக்கு மேல் வரைவதே இல்லை. இது கோப்பின் அளவோடு வரியின் நீளத்தையும் பார்க்கும் ஏற்பாடு, ஆகவே ஹேங் ஆகாது. ஆனால் உங்கள் 38 எம்பியில் முதல் சில பத்துப் புத்தகங்களுக்கு அப்பால் எதுவும் கண்ணில் படாது என்பதால், படிக்க வேண்டும் என்ற நோக்கத்துக்கு அது உதவப் போவதில்லை. ஈமேக்ஸ் என்ற எடிட்டர் இந்த நீண்ட வரித் தொல்லைக்குப் பல காலம் பேர் போனது. 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்துதான் மிக நீண்ட வரிகளைத் தாங்கும்படி அதன் காட்சிப் பகுதி மாற்றப்பட்டது. இதற்காக மட்டும் ஒருவர் ஈமேக்ஸ் பழகத் தொடங்க வேண்டாம்.

விலக்கு அளிப்பது பற்றிய முதல் ஐயத்துக்கு, கோப்புவாரியாக வேர்ட் ராப்பை வைத்துக்கொள்ளும் வசதி நோட்பேட் பிளஸ் பிளஸில் இல்லை. நான் செய்வது இதுதான்: அதே மென்பொருளின் போர்ட்டபிள் பதிப்பை, அதாவது நிறுவாமல் விரித்துப் பயன்படுத்தும் ஜிப் தொகுப்பை, தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். அந்தக் கோப்புறையில் டூ லோக்கல் கான்ஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருப்பதால் அது ஆப்டேட்டா பக்கம் போகாமல், தன் அமைப்புகளையும் டேப்களையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நிறுவிய பதிப்பில் வேர்ட் ராப் எப்போதும் உண்டு, குறிப்புகளுக்கு அது. போர்ட்டபிள் பதிப்பில் வேர்ட் ராப் இல்லை, நிறம் இல்லை, முந்தைய டேப்களைத் திறக்கும் தேர்வும் இல்லை; யாரிடமிருந்தாவது வந்த கோப்பு எதுவானாலும் முதலில் அதில்தான் திறப்பேன். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதைத் திறந்தால், இரண்டாவது தனியாகத் திறக்காமல் கோப்பை முதலாவதிடமே ஒப்படைத்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். போர்ட்டபிள் பதிப்புக்கு ஒரு ஷார்ட்கட் செய்து, அதன் டார்கெட் பெட்டியின் கடைசியில் இடைவெளி விட்டு, இடைக்கோட்டோடு மல்டிஇன்ஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் தனித்தனியாக ஓடும். அதில் ஐ என்ற எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.


மறுமொழி 4: வரியளவு

தரவுத்தச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் திரையின் வலப்பக்கத்தில் கோப்பு முழுவதையும் சிறிதாக்கிக் காட்டும் டாக்குமெண்ட் மேப் பேனல் திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள். அது வெறும் படமன்று, அதே கோப்பை இன்னொரு சின்டில்லா காட்சியில் வைத்துக் காட்டுவது. வேர்ட் ராப் இருக்கும்போது அங்கேயும் அதே இடங்களில் மடித்துக் காட்ட வேண்டியிருப்பதால், மேலே சொன்ன கணக்கு இரண்டு முறை நடக்கும். கர்சர் தயங்குவதற்கு, இணைய முகவரிகளைச் சொடுக்கக்கூடிய இணைப்புகளாகக் காட்டும் தேர்வும் காரணமாக இருக்கலாம். பிரிஃபரன்சஸில் கிளௌட் அண்ட் லிங்க் என்ற பக்கத்தில் அது இருக்கிறது. அட்டைப்பட முகவரிகள் நிறைந்த புத்தகப் பட்டியலில் அதை நிறுத்திப் பாருங்கள். கோப்பை விரித்த பிறகு இரண்டையும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.